தெல்கமு ஓயாவின் கரையில்

இலையுதிர் காலம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வெளிநாட்டுக் கலண்டர்களில் பார்த்த படங்கள்தான். மஞ்சளும் சிவப்புமாய் இலைகள் சொரிந்து கிடக்கும் மலைப்பாதை. அதன் அருகே பாறைகளுக்கிடையே ஓடும் சிறு ஆறு. நமது நாட்டில் அப்படியொரு பருவம் இல்லை. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து வடகீழ் பருவக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களை வானிலை அவதான நிலையத்தினர் இரண்டாவது இடைப்பருவக் காலம் என்கிறார்கள். காலையில் வானம் கழுவி விட்டாற்போல் தெளிவாக இருக்கும். பிற்பகலில் இடியும் மின்னலுமாய் மழை கொட்டும். மலைநாட்டின் ஓடைகள் மறுபடி பெருகத் தொடங்கும் காலம் இது. நமக்கான இலையுதிர் காலம் என்று இதைச் சொல்லிக் கொள்ளலாம்.

2025 ஒக்டோபரில், எங்கள் மாதர் குழுவைச் சேர்ந்த பதினான்கு பேர் ஒரு வேனில் மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். பள்ளிவாசல்துறையில் வாழும் எங்களுக்கு மலை என்பது தூரத்து உறவினர் போன்றது. கதை கேட்டிருக்கிறோம், கண்டதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டில் எங்கு பார்த்தாலும் மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. இரண்டும் உப்பு நீர். குடிப்பதற்கும் வெங்காயம், மிளகாய், பீட்றூட் தோட்டங்களுக்கும் மணலுக்கடியில் மிதக்கும் மழைநீரை மாத்திரமே நம்பியிருக்கிறோம். அந்த நீரிலும் உரம் கசிந்து, பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு அதிகரித்திருப்பதை ஆய்வுகள் எடுத்துக் காட்டியுள்ளன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் தாய்மார் இதை முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

இப்படி ஒரு குடம் நல்ல தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு, ஓடும் தண்ணீரைக் காண்பதே பெரிய விடயம்.

மணலிலிருந்து மலைக்கு

அதிகாலை மூன்று மணிக்கு வேன் புறப்பட்டது. பாலாவி வழியாகப் புத்தளம் வந்து, அங்கிருந்து குருநாகல் வீதியில் திரும்பினோம். நிக்கவெரட்டிய, பாதெனிய, வாரியபொல என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. விடியும்போது இரு பக்கமும் தென்னந்தோட்டங்கள். குருநாகலைத் தாண்டியதும் தரை மெல்ல மெல்ல உயர்ந்தது. கலகெதரவுக்குப் பிறகு வளைவுகள் ஆரம்பமாயின. தேசிக்காயை முகர்ந்து கொண்டும், இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக் கொண்டும் சிலர் கண்களை மூடிக் கொண்டார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கண்டோம். அங்கிருந்து சிறிது தூரம் கீழே பொல்கொல்லயில் ஓர் அணைக்கட்டு உண்டு. மகாவலியின் நீரில் ஒரு பகுதி அங்கே மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்து அமைத்த சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் ஊடாக உக்குவளைக்குக் கொண்டு செல்லப்படுகிறது. 1976இல் நிறைவேறிய வேலை அது. உக்குவளையில் மின்சாரம் உற்பத்தி செய்த பின் அந்த நீர் சுது கங்கையில் விழுந்து, மாத்தளையைக் கடந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் வழியாக அதன் ஒரு பங்கு கலா வாவிப் பக்கம் திருப்பப்படுகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய அதே கலா வாவிதான்.

கலா வாவியிலிருந்து இறங்கும் கலா ஓயா எங்கே போய்ச் சேருகிறது? வண்ணாத்திவில்லுப் பக்கமாக ஓடி, கண்டல் காடுகளினூடே எங்கள் புத்தளம் களப்பில்தான் கலக்கிறது. எங்களோடு வந்த ஆசிரியை ஒருவர் இதை விளக்கியபோது வேனுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. "அப்ப இந்தத் தண்ணில கொஞ்சம் நம்மட வலைக்கும் வருதா?" என்று கேட்டார் எங்களில் மூத்தவரான மாமி. வருகிறதுதான். களப்பில் உப்பு ஓரளவுக்கு மேல் ஏறாமல் தடுப்பதும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் கண்டல்களை உயிரோடு வைத்திருப்பதும் கலா ஓயா, மீ ஓயா போன்ற ஆறுகள் கொண்டு வரும் நன்னீர்தான். மலையில் பெய்த மழையின் ஒரு சிறு பங்கு நமது சோற்றுக் கோப்பைக்கும் வருகிறது.

மேகத்துக்குள் ஒரு வீதி

மாத்தளையில் காலைச் சாப்பாடு. பின்னர் இரத்தோட்டை வீதி. மிளகு, கோப்பி, கொக்கோ, கறுவா என்று வாசனைப் பொருட்கள் எல்லாம் வீட்டுத் தோட்டங்களிலேயே நின்றன. இரத்தோட்டைக்கு அப்பால் தேயிலை. வீதி ஒடுங்கி, வளைவுகள் கூர்மையாயின. ஒவ்வொரு வளைவிலும் எங்கள் சாரதி ஹோன் அடித்து, எதிரே வாகனம் இல்லை என்று உறுதி செய்து கொண்ட பிறகே திருப்பினார். மலை வீதிகளில் ஏறி வரும் வாகனத்துக்கு இடம் விடுவதே முறை என்றும் சொன்னார். வாடகைக்கு வாகனம் பிடிக்கும்போது கட்டணத்தை மாத்திரம் பார்க்காமல், மலை வீதியில் பழக்கமுள்ள சாரதியா என்று விசாரிப்பது அவசியம்.

தேநீருக்காக நின்ற இடத்தில் தோட்டத்துச் சகோதரி ஒருவரோடு கதைக்கக் கிடைத்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். கடற்கரை என்றதும், "நீங்க கடலுக்குப் பயப்படுவீங்க, நாங்க மலைக்குப் பயப்படுறோம்" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "மழ விடாம பெஞ்சா ராத்திரியில தூக்கம் இல்லீங்க அக்கா. ஊத்துத் தண்ணி கலங்குதான்னு பாத்துக்கிட்டே இருப்போம். கலங்குச்சுன்னா புள்ளைங்கள தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கோ ஸ்கூலுக்கோ ஓடணும்."

மண்சரிவுக்கு முன் தோன்றும் அறிகுறிகளாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லி வருவதும் இதைத்தான். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்றுகள், தெளிந்த ஊற்று சேறாக மாறுவது. புத்தகம் பாராமலே அந்தச் சகோதரி இவற்றை அறிந்திருந்தார்.

மாத்தளையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில் ரிவர்ஸ்டன். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம். இது நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்தது. மடக்கிய கைவிரல்களின் முட்டிகள் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. சிங்கள மக்கள் தும்பர என்கிறார்கள். இங்கே வீசும் காற்று எங்கள் ஊர்க் கச்சான் காற்றைத் தோற்கடித்து விடும். தலையில் போட்டிருந்த துணியை இரு கைகளாலும் பிடித்துக் கொண்டுதான் நிற்க முடிந்தது. அந்தக் காற்றைத் தாங்கித் தாங்கி, மரங்களே குட்டையாகி முறுகி நிற்கின்றன. அவற்றின் உடம்பெல்லாம் பாசி. மேகம் அவற்றினூடே புகுந்து போகும்போது, மழை பெய்யாமலே இலைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. கீழே பாசியும் இலைக் குப்பையும் அதைக் குடித்து வைத்துக் கொள்கின்றன. குடித்ததைப் பல நாட்களுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. ஓடை பிறக்கும் இரகசியம் இதுதான். மழை இல்லாத நாளிலும் மலை ஓடையில் தண்ணீர் ஓடுவது, காடு சேமித்து வைத்திருப்பதனால்.

காட்டை வெட்டினால் இந்தச் சேமிப்பு போய்விடும் என்பதை முன்னோர் அறியாமல் இல்லை. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தோட்டங்களுக்காக வெட்டக் கூடாது என்று 1873இலேயே கட்டுப்பாடு வந்தது. ஆயினும் கோப்பிக்கும் தேயிலைக்கும் இழந்த காடு ஏராளம். பின்னர் பெருமரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் துப்புரவாக்கி ஏலக்காய் பயிரிட்டார்கள். மேலே பார்த்தால் காடு. கீழே நாளைய மரமாக வளர வேண்டிய கன்றுகள் இல்லை. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. மூக்கு நுனியில் இலை ஒட்டியது போன்ற ஓணான் ஒன்று உலகில் இந்த மலைத்தொடரில் மாத்திரமே வாழ்கிறது.

ஓடையின் வழியே

ரிவர்ஸ்டனைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் நாடே மாறிவிட்டது போல் இருக்கிறது. ஈரக்காடு முடிந்து புல்வெளி. பிட்டவல பத்தன என்னும் இந்தப் புல்வெளியில் மண் மிக மெல்லியது, கீழே பாறை. வனத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டைப் பெற்றுக் கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். புல்வெளியின் எல்லையில் நிலம் சட்டென்று அறுந்து, அடியில் ஆழமான பள்ளத்தாக்கு விரிகிறது. "சின்ன உலக முடிவு" என்று இதை அழைக்கிறார்கள். விளிம்பில் கைபிடித்துக் குனிந்து பார்த்தால், பச்சைக்கு நடுவே வயல்கள், சில கூரைகள், மலைகளுக்கிடையே புதைந்து கிடக்கும் ஆற்றின் தடம். அங்கு நின்று படம் எடுக்கும்போது பிள்ளைகளைக் கையை விட்டுவிடக் கூடாது. புல் வழுக்கும், காற்று தள்ளும்.

மீண்டும் வேனில் ஏறி இலுக்கும்புரவுக்கு இறங்கினோம். அங்கேதான் தெல்கமு ஓயா. பாலத்தருகே இறங்கி, கரையோரமாக மேல்நோக்கி நடக்கத் தொடங்கினோம். அட்டைகளுக்காகக் காலில் சவர்க்காரம் பூசி, ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துக் கொண்டோம். புத்தளத்து உப்பு மலை அட்டைக்கும் உதவியது.

இரு பக்கமும் மலை எழுந்து நிற்க, நடுவே ஓடை. யானைகள் படுத்திருப்பது போல் பெரிய பாறைகள். அவற்றைச் சுற்றி வளைந்தும், இடுக்கில் புகுந்தும், சிறு அருவியாய்க் குதித்தும் நீர் வருகிறது. சில பாறைகளில் உரல் குடைந்தது போல் வட்டமான குழிகள். நீர்ச்சுழியில் அகப்பட்ட சிறு கற்கள் ஆண்டாண்டு காலமாகச் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை அவை. மாமி ஒரு குழிக்குள் கைவிட்டு, உள்ளே கிடந்த உருண்டைக் கல்லை எடுத்து, "அம்மிக் குழவி மாதிரி இருக்கு" என்று சொல்லி மறுபடி அதற்குள்ளேயே வைத்தார்.

தண்ணீரில் காலை வைத்ததும் குளிர் எலும்பு வரை ஏறியது. அடியில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல் தெளிவு. காலைச் சுற்றிச் சிறு மீன்கள் மொய்த்தன. ஒருவர் கைநிறைய அள்ளி முகத்தில் ஊற்றிக் கொண்டார். இன்னொருவர் சும்மா உட்கார்ந்து ஓசையைக் கேட்டுக் கொண்டிருந்தார். வீட்டில் அடுப்பு, பிள்ளை, கடன் என்று ஓடுகிறவர்கள் அரை மணித்தியாலம் எதுவும் செய்யாமல் இருந்ததைப் பார்த்தேன். இதற்காகவே வந்திருக்கலாம்.

அழகான இந்த ஓடை ஆபத்தானதும் கூட. மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே நீர் திடீரெனப் பெருகி வரும். தெல்கமு ஓயாவிலும் இதுபோன்ற மலை ஓடைகளிலும் குளிக்க இறங்கியவர்கள், குடும்பம் குடும்பமாக அடித்துச் செல்லப்பட்ட துயரங்கள் நடந்துள்ளன. கடலில் பிறந்து வளர்ந்த நமக்கு நீந்தத் தெரியும் என்ற துணிவு இங்கே உதவாது. சகோதரிகள் சில விடயங்களை மனதிற் கொள்ள வேண்டும். நீரின் நிறம் மங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், இரைச்சல் மாறினால், பொருட்களைத் தேடாமல் உடனே கரையேறுங்கள். ஓடையின் நடுப் பாறையில் அமர்ந்து சாப்பிட வேண்டாம். இடைப்பருவக் காலத்தில் மலை மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், நண்பகலோடு நீரை விட்டு விலகுவது நல்லது. உள்ளூரவர்கள் இறங்காதே என்று சொல்லும் இடத்தில் இறங்கவே கூடாது.

வாழையிலையில் கட்டி வந்த சோற்றுப் பொதிகளைக் கரையில் இருந்து சாப்பிட்டோம். பொலித்தீன் லன்ச் சீற் 2017இல் தடை செய்யப்பட்டும், பாறை இடுக்குகளில் அவை சிக்கிக் கிடந்தன. ஷம்போ பக்கற்றுகளும் கிடந்தன. கையோடு இருந்த ஒரு பையில் முடிந்தளவு பொறுக்கினோம். தெல்கமு ஓயா அம்பன் கங்கையோடும், அது மகாவலியோடும் சேர்ந்து திருகோணமலையில் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. இந்தக் குப்பை நமது களப்புக்கு வராது. அங்கேயும் வலை வீசும் வீடுகள் இருக்கின்றனவே!

இரண்டரை மணிக்கு மலையுச்சியில் முதல் இடி கேட்டது. நாங்கள் வேனில் ஏறிவிட்டோம். இரவு மாத்தளையில் தங்கி மறுநாள் ஊர் திரும்பினோம்.

மலை இறங்கி வந்தபோது

ஒரு மாதம்தான் சென்றிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைக் கடந்தது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. நாங்கள் தேநீர் குடித்த வீதி, கண்ட கூரைகள், அந்தக் கொழுந்துக் கூடை எல்லாம் கண் முன்னே வந்தன. அந்தச் சகோதரியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டிருந்த இரவுகளில், ஊற்றுத் தண்ணீர் கலங்குகிறதா என்று பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மாரை நினைத்தோம்.

அந்த மழை மலையோடு நிற்கவில்லை. கலா ஓயா பெருக்கெடுத்தது. புத்தளம் – அனுராதபுரம் வீதியில் கலா ஓயாப் பாலத்தருகே பஸ் ஒன்று வெள்ளத்தில் சிக்கியது. அதிலிருந்த சுமார் 70 பேரைப் படையினர் பெரும் பாடுபட்டு மீட்டெடுத்தார்கள். புத்தளம் மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மலையின் துன்பம் மலைக்கு மட்டும், கடலின் துன்பம் கடலுக்கு மட்டும் என்று நினைக்க முடியாது. ஒரே ஆறு இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது.

அத்தனை மழையையும் காடு தடுத்து நிறுத்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. அவ்வளவு நீர் ஒரேயடியாகக் கொட்டினால், அடர்ந்த காட்டு மலையும் சரியக் கூடும். ஆயினும் செங்குத்தான சரிவை வெட்டி வீடும் வீதியும் அமைத்த இடங்களிலும், நீர் வடிய வழி இல்லாத இடங்களிலும் ஆபத்து பன்மடங்காகிறது. அங்கே வாழ்பவர்கள் தாங்களாக விரும்பி அந்த இடத்தைத் தெரிவு செய்தவர்கள் அல்லர். பாதுகாப்பான காணி கிடைக்காத ஏழைகளே அவர்களில் அநேகர். மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக லயன் அறைகளில் வாழும் மக்களுக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை, கரையோரத்து மக்களான நமது கோரிக்கையாகவும் இருக்க வேண்டும்.

மலை ஓடைகளைப் பார்க்கச் செல்ல விரும்பும் வாசகிகள் போய் வாருங்கள். பெண்கள் சேர்ந்து பயணம் செய்வதில் கிடைக்கும் மகிழ்ச்சி தனியானது. புறப்படுமுன் வானிலை அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும், பாதை திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டறியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து கொள்ளுங்கள். கொண்டு போகும் பொலித்தீனைக் கையோடு திருப்பிக் கொண்டு வாருங்கள். வழியில் தேநீர் தந்து கதைக்கும் சகோதரியின் பெயரையும் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். மழை பெய்யும் இரவில் யாரை நினைத்துப் பிரார்த்திக்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.